எட்டாவது வரிசை மட்டும் சரி

“செடிக்குத் தண்ணி ஊத்தறதுக்கு ஒரு பரீட்சையா? யாரு மார்க் போடுவாங்க, செடியா?”

இதைக் கேட்டவர் எங்கள் பெரியப்பா. மரக்காணம் உப்பளத்தில் அவர் மேஸ்திரி. அவர் கேட்டதும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மாவும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததைவிட அதுதான் எனக்கு உறைத்தது. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்தவர்கள் ஒருவரும் கிடையாது. மருந்துச் சீட்டானாலும் கரண்ட் பில்லானாலும் எங்கள் தெருவில் அது முதலில் என் கைக்குத்தான் வரும். இதில் எனக்குப் பெருமை உண்டு. மறைத்துக்கொள்ளவும் தெரியாது.

சுனாமி வந்து ஒரு வருடம் ஆகப்போகிற சமயம் அது. கடலோரம் முழுக்க மரம் வைக்க வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த நர்சரிகளுக்கு ஒரே நேரத்தில் ஏகப்பட்ட கன்று தேவைப்பட்டது, வேலைக்கு ஆள் போதவில்லை. எங்களுக்கோ ஐப்பசி தொடங்கி மார்கழி வரை உப்பளத்தில் வேலை கிடையாது, மழை. இந்த முறை மழை விட்ட பாடில்லை. அதனால் நானும், பெரியப்பாவின் மருமகளான என் அண்ணியும், எதிர்வீட்டு அக்காவும் கீழ்புத்துப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு நர்சரிக்குப் போக ஆரம்பித்தோம். மண்ணும் மணலும் எருவும் கலந்து கறுப்புப் பையில் நிரப்புவது, நாற்றைப் பிடுங்கிப் பையில் வைப்பது, களை எடுப்பது, இதுதான் வேலை.

நர்சரி முதலாளி ஒருநாள் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். கிளியனூர்ப் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் நர்சரி வேலைக்காரர்களுக்குப் பாடம் நடத்தித் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறார்களாம். பெரிய இடங்களில் கன்று வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் அந்தச் சான்றிதழ் உள்ள ஆள் இருக்கிறாரா என்று கேட்கிறார்களாம். வாங்கிவந்தால் தை மாதத்திலிருந்து விற்பனைப் பகுதியில் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் மழை முடிகிறவரைக்கும்தான். அப்புறம் அவரவர் வழி.

அவரவர் வழி என்றால் எங்கள் மூன்று பேருக்கும் மறுபடி உப்பளம்தான். அண்ணியின் பாதத்தில் இருக்கும் வெடிப்பு மழைக்காலத்தில் மட்டும்தான் மூடும். தையில் உப்புப் பாத்தி மிதிக்க இறங்கினால் ஒரே வாரத்தில் பிளந்துகொள்ளும். “இந்த வருஷம் கால ஆற வுட்டுடணும் பாப்பா” என்று அவள் சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதற்கப்புறம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு முன்னால் பஸ் நிறுத்தத்தில் நின்றது அவள்தான்.

இரண்டு மாதத்துக்கும் மேல் இரண்டு பஸ் மாறிப் போனோம். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் விடியற்காலைப் பூசையைப் பார்த்துவிட்டு, கோயிலுக்குக் கட்டிய சேலையோடு ஓடி வருவாள். மையத்தில் இருபத்தைந்து பேர் இருந்தோம். கிளியனூர் சுற்றுவட்டாரத்து விவசாய வீட்டுப் பெண்கள்தான் அதிகம். கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வருவாள். அவளும் பன்னிரண்டு முடித்தவள், அண்ணன் துபாயில். நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். சார் கேள்வி கேட்டால் யார் முதலில் கை தூக்குவது என்று போட்டி. பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன்.

அண்ணியும் அக்காவும் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவர்கள். மண் கலவை, ஒட்டுக் கட்டுவது, வேர் பார்த்துப் பை மாற்றுவது இதிலெல்லாம் அவர்கள் கை என் கையைவிட வேகம். ஆனால் தேர்வில் ஒவ்வொரு கன்றையும் பார்த்து ஊர்ப் பெயரோடு தாவரவியல் பெயரும் எழுத வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதினால் போதும் என்றார் சார். அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் நின்றபடியே சொல்லிக்கொடுப்பேன். அசாடிராக்டா இண்டிகா என்று நான் சொன்னதும் அண்ணி, “வேப்பமரத்துக்கு இம்மாம் பேரா? கல்யாணப் பத்திரிகைலகூட இவ்ளோ நீளமா போட மாட்டாங்க” என்றாள். கண்டக்டர் சிரித்தார். அப்படியும் படித்தார்கள். மார்கழி முடியும்போது பதினைந்து பெயரையும் இரண்டு பேரும் தடுமாறாமல் சொன்னார்கள். என் பிள்ளைகள் தேறினதுபோல எனக்கு இருந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் தேர்வு. காலையில் எழுத்துத் தேர்வு, அதற்கப்புறம் பை நிரப்பி ஒட்டுக் கட்டிக் காட்டுவது. இரண்டிலும் மூன்று பேருக்கும் குறையில்லை. மதியம் கன்று அடையாளம் காண்பது. நிழல்வலைக்கு அடியில் பதினைந்து வரிசை, வரிசைக்கு ஒரு மரம். பாடம் நடந்த நாட்களில் ஒவ்வொரு வரிசையிலும் பெயர்ப் பலகை இருக்கும், ‘புங்கன் வரிசைக்கு வாங்க’ என்றுதான் சார் கூப்பிடுவார். தேர்வுக்கு முதல்நாள் பலகையைப் பிடுங்கிவிட்டு, பைகளையும் இடம் மாற்றி வைத்திருந்தார்கள். கையில் ஒரு தாள் தருவார்கள். அதில் ஒன்று முதல் பதினைந்து வரை எண் இருக்கும். ஒவ்வொருவராக உள்ளே போய், எண்ணுக்கு நேரே அந்த வரிசையின் பெயரை எழுதிக்கொண்டு வர வேண்டும்.

என்னைக் கூப்பிட்டதும் நேரே உள்ளே போனேன். கடைசியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. தொட்டியை ஒட்டிய முதல் வரிசையில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வாசல் கேட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு பெயரில்கூட நின்று யோசிக்கவில்லை. தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்லலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்து முடிவு பார்க்கப் போனோம். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் இருபத்திரண்டு பேர் தேர்ச்சி. கடைசியில் எங்கள் மூன்று பேருக்கும் நேரே ‘நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது. அக்கா அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். அர்த்தம் எனக்கும் தெரியவில்லை.

சார் உள்ளே கூப்பிட்டார். மேஜையில் எங்கள் மூன்று தாளும் இருந்தன. பதினைந்துக்கு ஒன்று, பதினைந்துக்கு ஒன்று, பதினைந்துக்கு ஒன்று. எட்டாவது வரிசைக்கு எழுதிய புன்னை மட்டும் மூவருக்கும் சரி. மற்ற பதினாலும் தப்பு. மூவரும் ஒரே தப்பு.

“மூணு பேரும் ஒரே மாதிரி தப்பு பண்ணியிருந்தா நான் என்னம்மா நினைக்கறது?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். உள்ளே ஒவ்வொருவராகத்தானே போனோம் என்றேன். முதலில் போனவள் வெளியே வந்து அடுத்தவளுக்குச் சொல்லியிருக்கலாம் இல்லையா என்றார். முதலில் போனவள் நான். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்தபடி, “மத்த ரெண்டுலயும் நல்ல மார்க்கு. இதுல மட்டும் ஏன் இப்படின்னு எனக்கும் புரியல” என்றார்.

என் தாளை எட்டிப் பார்த்தேன். மூன்றாவது எண்ணுக்கு மகிழம் என்று எழுதியிருந்தேன். அவர் பக்கத்தில் சிவப்பு மையில் பூவரசு என்று எழுதியிருந்தார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அதற்குக் கீழே இருந்ததைப் படிக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. பூவரசையும் மகிழத்தையும் ஒருத்தி எப்படி மாற்றிச் சொல்ல முடியும்? பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. மறுநாள் பஸ் நிறுத்தத்தில் இருக்கும் பூவரச மரத்துக்குப் போய் இலையைப் பறித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். பூவரசுதான். ஆனால் நான் அப்படி நினைக்கிறேனா, உண்மையிலேயே அப்படித்தானா என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. தேர்வன்று கண் மங்கியிருந்ததோ, தாளில் எண் மாறி அச்சாகியிருந்ததோ, நான் வெளியே போனபின் யாராவது பைகளை நகர்த்தினார்களோ என்று ஏதேதோ தோன்றியது. பைகளை நகர்த்தியிருந்தால் மற்ற இருபத்திரண்டு பேர் எப்படிச் சரியாக எழுதினார்கள்? ஒவ்வொரு யோசனையும் கொஞ்ச தூரம் போய் முட்டிக்கொண்டு நின்றது.

அண்ணிக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. அவளுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன், அவர்கள் தப்பாக எழுதினார்கள்.

“நீ படிச்சவன்னுதானே உன் பின்னாடி வந்தோம்?” என்றாள், குழாயடியில், நாலு பேர் குடத்தோடு நிற்கும்போது. “எனக்கு வேப்பமரம்னா வேப்பமரம். நீதான் அதுக்கு வேற பேரு வச்ச.”

அக்கா அப்படிப் பேசவில்லை. அவள் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். அது அதைவிட மோசம். சான்றிதழ் போனதுகூட எனக்கு அப்புறம்தான். இரண்டு பேர் நம்பி என் பின்னால் வந்தார்கள், அவர்களை நான் எங்கே கொண்டுபோய் விட்டேன் என்பது எனக்கே தெரியவில்லை. தையில் நர்சரி முதலாளி சொன்னபடியே செய்தார். நாங்கள் மூவரும் உப்பளத்தில் இறங்கினோம். மழையில் ஊறிக் கிடந்த பாத்திகளை மிதித்து மிதித்து இறுக்க வேண்டிய சமயம். அண்ணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே மிதித்தாள்.

மாசியில் ஒருநாள் கோட்டக்குப்பத்துப் பெண் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தாள். அவள் தேறிவிட்டாள், ஆனால் அதைச் சொல்லத் தயங்கினாள். வகுப்பு முடிவில் எல்லாரும் சேர்ந்து எடுத்த போட்டோ வந்திருக்கிறது, என் நோட்டுப் புத்தகம் ஒன்றும் அவளிடமே தங்கிவிட்டது, கொண்டுவந்து தரட்டுமா, உப்பளத்தையும் பார்த்த மாதிரி இருக்கும் என்றாள். வரச் சொன்னேன். ரோட்டில் இறங்கினால் எங்கள் பாத்திகள் தெரியும், நானும் அம்மாவும் மூணாவது பாத்தியில் இருப்போம் என்று சொன்னேன்.

மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்தில் அம்மா நிமிர்ந்து கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். “அங்க பாரு. கறுப்புக் குடையோட ஒரு பொண்ணு நிக்குது. உன்ன தேடிதான் வந்துகீறாப்போல இருக்குது. ஒம்பதாவது பாத்தியாண்ட போய் ஏன் நிக்குது?”

அவளேதான். புர்காவின் ஓரத்தில் சேறு படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத பெண்களிடம் என் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வரப்பு மேலேயே ஓடினேன். மூணாவது பாத்தி என்று சொன்னேனே, இங்கே வந்து ஏன் நிற்கிறாய் என்று கேட்டேன்.

“மூணாவதுலதான் நிக்கிறேன்” என்றாள். “நீயே எண்ணிப் பாரு. ரோட்லேர்ந்து ஒண்ணு, ரெண்டு, மூணு.”

நான் சிரித்துக்கொண்டே விளக்க ஆரம்பித்தேன். ரோட்டிலிருந்து யாராவது எண்ணுவார்களா? உப்பங்கழியிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து மடையில் நுழைகிறது. நுழைந்ததும் முதலில் நிரம்புவது முதல் பாத்தி. அது நிரம்பி அடுத்ததுக்குப் போனால் இரண்டாவது. மொத்தம் பதினோரு பாத்தி. தண்ணீர் கடைசியாக வந்து சேருவது ரோட்டோரத்துப் பாத்திக்கு, அதனால் அதுதான் பதினொன்றாவது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எங்களுக்கு எண்ணிக்கை தண்ணீர் வரும் பக்கத்திலிருந்துதான். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன்.

“நீ தேர்வன்னிக்கு எங்கேர்ந்து ஆரம்பிச்ச?” என்று கேட்டேன்.

“எங்கேர்ந்துன்னா? கேட்லேர்ந்துதான்.”

ஈரக் களிமண்ணில் குந்தி உட்கார்ந்து, விரலால் ஒன்று முதல் பதினைந்து வரை எழுதினேன். அதற்குக் கீழே பதினைந்து முதல் ஒன்று வரை எழுதினேன். ஒன்றுக்கு நேரே பதினைந்து வந்தது. மூன்றுக்கு நேரே பதின்மூன்று. எட்டுக்கு நேரே மட்டும் எட்டு. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் புன்னை நடுவில் நின்றுகொண்டிருந்தது. கோட்டக்குப்பத்துப் பெண் என் தோளைப் பிடித்து உலுக்கி என்ன ஆச்சு என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அண்ணியையும் அக்காவையும் கூட்டிவந்து களிமண்ணில் எழுதியதைக் காட்டினேன். அக்கா உடனே புரிந்துகொண்டாள். அண்ணி வெகுநேரம் பார்த்தாள்.

“அப்போ நீ சொல்லிக்குடுத்தது சரி.”

“ஆமா அண்ணி.”

“நாம எழுதுனதும் சரி.”

“ஆமா.”

“அப்ப தப்பு யாரு பண்ணாங்க?”

இதுதான் பதில் என்று நினைத்து ஓடி வந்திருந்தேன். அவள் கேட்டபிறகு அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி நிற்பது தெரிந்தது.

அந்த வாரமே மூவரும் மையத்துக்குப் போனோம். சாரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் நிழல்வலைப் பக்கம் பார்த்தார், தாளைப் பார்த்தார். தலையில் கையை வைத்துக்கொண்டு, “கேட்லேர்ந்து எண்ணணும்னு யாருக்கும் தெரியுமேம்மா” என்றார்.

“எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது சார். நீங்களும் சொல்லல.”

“சொல்லல” என்று ஒத்துக்கொண்டார். “சொல்லணும்னு தோணவே இல்ல” என்றார்.

அவர் நல்ல மனிதர்தான். ஆனால் தாள்கள் சென்னைக்குப் போய்விட்டன. இரண்டு வழி இருக்கிறது என்றார். நடந்ததை எழுதிச் சென்னைக்கு அனுப்பலாம். அவர்கள் நம்பினால் சான்றிதழ் வரும், ஆனால் காப்பியடித்தார்கள் என்று அவரே முதலில் எழுதி அனுப்பியிருப்பதால் நம்புவார்களா என்று அவருக்கே தெரியவில்லை. இல்லாவிட்டால் ஆனி மாதத்தில் அடுத்த அணியோடு அந்த ஒரு தேர்வை மட்டும் மறுபடி எழுதலாம்.

மறுபடி எழுதுவதென்றால் முதல் தடவை தோற்றதாக ஒத்துக்கொள்வது. நான் தோற்கவில்லை. இதை அவரிடமே சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணியிடமும் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். குதிகாலில் வெடிப்புக்குள் வெள்ளையாக உப்பு இறங்கியிருந்தது.

“உனக்குத் தோக்கலன்னு சொல்லணும். எனக்கு அந்த வேலைக்குப் போவணும்” என்றாள். “இது ரெண்டும் ஒண்ணா பாப்பா?”

இரண்டும் ஒன்றா இல்லையா என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். படித்தவள் யோசித்தால் முடிவு கிடைக்கும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். கிடைக்கவில்லை. சென்னைக்கு எழுத ஒரு தாளை எடுத்தேன். ‘நாங்கள் தவறு செய்யவில்லை’ என்று ஆரம்பித்தேன். அது உண்மையா? அடித்தேன். ‘நாங்கள் தவறாக எண்ணிவிட்டோம்’ என்று எழுதினேன். அதுவும் உண்மையில்லை. அதையும் அடித்தேன். மூன்றாவது வரி வரவே இல்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. அடுத்த முறை கேட்டிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று தெரியும். தெரிந்தாலும், உள்ளே நுழைந்ததும் கால் தானாகத் தொட்டிப் பக்கம் போய்விடுமோ என்று இருக்கிறது. வீட்டில் யாரும் இல்லாதபோது சுவரோரம் அடுக்கியிருக்கும் குடங்களை வாசல் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்க்கிறேன். எண்ணி முடிப்பதற்குள் ஏதோ தலைகீழாக நடக்கிறதுபோல இருக்கிறது.

போன திங்கட்கிழமை பெரியப்பாவிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறிக் கிளியனூருக்குப் போனேன். ஜன்னலில் மூன்று விண்ணப்பம் வாங்கினேன். அண்ணிக்கும் அக்காவுக்கும் முதலில் நிரப்பினேன், அப்புறம் எனக்கு. ‘இதற்கு முன் இத்தேர்வை எழுதியுள்ளீரா’ என்ற இடத்தில் ஆம் என்று எழுதினேன். ‘முடிவு’ என்ற இடத்தில் எழுத ஒரே ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவர் செருமினார். தேர்ச்சி இல்லை என்பது இரண்டு சொல். இருந்தாலும் நெருக்கி எழுதினேன், மூன்று தாளிலும். கொடுத்தேன். கிளார்க் முத்திரை குத்தி மூன்று ரசீதைக் கிழித்துத் தந்தார்.